பென்சிலால் ஓர் ‘இல்லை’

நூலகப் படகு எங்கெங்கோ சுற்றி
இந்த நார்வே ஃபியோர்டுக்குள் திரும்ப நாற்பது நாள்.
வந்தால் ஒன்றரை மணி நேரம் நிற்கும்.
குன்வோர் கையுறை கழற்றி
நகக்கண்ணில் ஒட்டிய செதிலோடு
அறிவியல் அலமாரிக்கு நேரே போவாள்.
நாவல் அவளுக்கு ஆகாது.
“நடக்காததைப் படிக்க எனக்கேது நேரம்?”
நூலகர் ஸ்தூர்லா பதில் சொல்வதில்லை.

அவளுக்கு வேலை சால்மன் பண்ணையில்.
மயக்க மருந்துத் தொட்டியில் இருபது மீன்.
ஒவ்வொன்றாய்த் தூக்கி
உடம்பில் ஒட்டிய பேனை எண்ண வேண்டும்.
முட்டைச்சரம் தொங்கும் பெண் பேனுக்குத்
தாளில் தனிக் கட்டம்.
தூக்கத்திலும் எண்ணுவாள்.

இம்முறை கிடைத்தது
கடலையும் சொற்களையும் ஒரே வலையில் அள்ளிய
தடித்த புத்தகம்.
‘பிளானெட்’ என்றால் கிரேக்கத்தில்
ஊர்சுற்றியாம்.
தசைக்கு லத்தீன் வைத்த பெயர்
குட்டி எலியாம்.
அன்றிரவு சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு
முழங்கையை மடக்கினாள், நீட்டினாள், மடக்கினாள்.
ஐம்பத்து மூன்று வருடமாய்
வாடகை தராமல் குடியிருந்த எலி
தோலடியில் ஓடி, நின்று, ஓடியது.
அவள் சிரித்த சிரிப்பில்
சோபாவில் கிடந்த கணவன் விழித்து
“என்ன?” என்றான்.
“ஒன்றுமில்லை. எலி.”
அவன் எழுந்து பொறி தேடப் போனான்.

எண்பத்தேழாம் பக்கத்தில் துருவ ஆலா.
வடக்கில் ஒரு கோடை, தெற்கில் ஒரு கோடை,
இருட்டுக்குப் பிடிகொடுக்காத பறவை.
கூட்டருகே போனால் தலையில் கொத்தும்.
‘ஒரு கழியை உயர்த்திப் பிடியுங்கள்,
கழியைக் கொத்திவிட்டு உங்களை விட்டுவிடும்’
என்கிறார் ஆசிரியர், மிக நம்பிக்கையோடு.
ஓரத்தில் பென்சிலால்
யாரோ எழுதியிருந்தார்கள்:
இல்லை.
அடியில் இரண்டு கோடு.
கழியையும் கொத்தும், பிறகு உன்னையும்.

குன்வோர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
அச்சில் வந்ததை மறுக்கலாம் என்பதே
அவளுக்கு அன்றைய செய்தி.
பேன் எண்ணும் பென்சிலை எடுத்து
கீழே எழுதினாள்:
எத்தனை முறை? எண்ணினீர்களா?

புத்தகம் போயிற்று.
அடுத்த படகில் இல்லை.
அதற்கடுத்த படகிலும் இல்லை.
“யாரிடம் இருக்கிறது?”
“சொல்லக்கூடாது” என்றான் ஸ்தூர்லா,
பாவமன்னிப்புக் கேட்ட பாதிரியார் போல.
பனி உருகும் மாதத்தில்
புத்தகம் திரும்பியது,
அட்டையில் காபி வட்டத்தோடு.
படகிலேயே நின்று புரட்டினாள்.
பதினொரு முறை. தொப்பியில் ஓட்டை இருக்கிறது.

சட்டென்று ஸ்தூர்லாவின் தலையைப் பார்த்தாள்.
தொப்பியில் ஓட்டை இல்லை.
ஆனால் தொப்பி புதிது.

இருநூற்று மூன்றாம் பக்கம்:
ஜன்னலுக்கு அவர்கள் சொல் ‘விந்து’.
(தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரும், வரட்டும்.)
பழைய நோர்ஸ் மொழியில் அது காற்றின் கண்.
கூரையில் ஒரு துளை,
புகை வெளியே போக, காற்று உள்ளே பார்க்க.
இதை எழுதும் என் மொழியில்
பழைய பெயர் காலதர்,
கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.
அங்கே காற்று பார்த்தது, இங்கே நடந்தது.
குன்வோருக்கு இது தெரியாது,
அந்தப் புத்தகத்திலும் இல்லை.
ஓரம் கிடைத்தால்
நானும் ஒரு பென்சில் எடுத்திருப்பேன்.

அவள் தேடியது வேறு பக்கம்.
ஒட்டுண்ணிகள் அத்தியாயம், மூன்றே வரி:
‘பேன்குஞ்சுகள் நீரோட்டம் இழுத்த இழுப்புக்கு
குருட்டுத்தனமாய் மிதக்கின்றன.’
இரண்டு முறை படித்தாள்.
வாளியை நினைத்தாள், கைவிளக்கை நினைத்தாள்,
வெளிச்சம் பட்டதும் மேலேறி வந்த
தூசு போன்ற உயிர்களை நினைத்தாள்.

இல்லை, என்று எழுதினாள்.
கை கொஞ்சம் நடுங்கியது.
அந்த எலிதான், வேறென்ன.
நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்தூர்லா புத்தகத்தை வாங்கி
அழிப்பானை எடுத்தான்,
எடுத்த இடத்திலேயே வைத்தான்.
படகு கட்டவிழ்த்துக்கொண்டது.
நாற்பது நாள்.
எண்ணத் தொடங்கினாள்.